முதுமையைத் தாங்கிய கரங்கள்

ஈன்றோரை முதுமையில் பேணுதல் எல்லாச் சமுதாயங்களும் போற்றும் அறமாகும். எனினும், அவ்வறத்தை ஆற்றுவோர் சுமக்கும் பாரம் எங்கும் ஒரே அளவினதாக இருப்பதில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கறுப்பின மக்களும் வெள்ளையரும் தத்தம் முதியோரைப் பேணிய வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

அடிமை முறை நிலவிய காலத்தில் கறுப்பினத்தவரின் குடும்பமே உடைமையாளரின் விருப்பத்திற்கு உட்பட்டிருந்தது. பெற்றோர் ஓரிடத்திலும் பிள்ளைகள் வேறிடத்திலுமாகப் பிரிக்கப்பட்டனர். மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் டப்மனின் தமக்கையர் மூவர் அவ்வாறே விற்கப்பட்டனர். 1849ஆம் ஆண்டில் தப்பி விடுதலை பெற்ற டப்மன், 1857இல் தம் பெற்றோருக்காக மீண்டும் அம்மாநிலத்திற்குச் சென்றார். தப்பியோடியோர்க்குப் புகலிடம் அளித்தார் என்ற ஐயத்தால் தந்தை கைதாகும் நிலையில் இருந்தார். நெடுந்தொலைவு நடக்க இயலாத அம்முதியோர்க்காகப் பழைய சக்கரங்களைக் கொண்டு ஒரு குதிரை வண்டியை டப்மன் அமைத்தார். அவர்களைக் கனடா வரை கொண்டு சேர்த்தார். 1859இல் நியூயார்க் மாநிலத்து ஆபர்ன் நகரில் வீடு வாங்கி, பின்னர் அவர்களை அங்கே குடியமர்த்தினார்.

1865இல் அடிமை முறை ஒழிந்தது. ஆயினும் முதியோர் இல்லங்கள் பலவற்றின் கதவுகள் கறுப்பினத்தவருக்குத் திறக்கவில்லை. ஆகவே அவர்களுக்கெனத் தனி இல்லங்கள் தோன்றின. பிலடெல்பியாவில் 1864இல் தோன்றிய இல்லம், அடிமையாகப் பிறந்து பெருவணிகராக உயர்ந்த ஸ்டீபன் ஸ்மித்தின் கொடையால் வளர்ந்தது. டப்மன் 1896இல் ஆபர்னில் 25 ஏக்கர் நிலத்தை வாங்கி, 1903இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் சீயோன் திருச்சபையிடம் ஒப்படைத்தார். அங்கே 1908இல் முதியோர் இல்லம் திறக்கப்பட்டது. நுழைவுக் கட்டணமாக 100 டாலர் வேண்டும் என்னும் விதியை அவர் ஏற்கவில்லை; பணமில்லாதவர்க்கே அவ்வில்லம் உரியது என்பது அவர் கொள்கை. 1913இல் அவ்வில்லத்திலேயே அவர் உயிர் நீத்தார்.

1935இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோர்க்கு ஓய்வூதியம் வழங்க வழிவகுத்தது. ஆனால் வேளாண் தொழிலாளரும் வீட்டு வேலை செய்வோரும் அதன் வரம்பிற்கு வெளியே விடப்பட்டனர். இவ்விலக்கிற்கான காரணம் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. விளைவு குறித்து ஐயமில்லை. கறுப்பினத் தொழிலாளருள் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் இவ்விரு தொழில்களைச் சார்ந்தே வாழ்ந்தனர். 1950, 1954 ஆண்டுகளின் திருத்தங்களால் அவர்களுள் பெரும்பாலோர்க்கு வாயில் திறந்தது. அதுவரை ஓய்வூதியமற்ற பெற்றோரின் உணவும் மருந்தும் பிள்ளைகளின் குறைந்த கூலியிலிருந்தே வந்தன. பகலெல்லாம் வெள்ளையர் வீட்டு முதியோர்க்குப் பணிவிடை செய்த பெண், இரவில் தன் தாயின் படுக்கையருகே விழித்திருந்தாள்.

மருத்துவத்திலும் இதே நிலைதான். தென் மாநிலங்களின் மருத்துவமனைகளில் இனப்பிரிவினை நெடுங்காலம் நீடித்தது. 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், பிரிவினை பேணும் மருத்துவமனைகளுக்கு 1966இல் தொடங்கிய மெடிகேர் திட்டத்தின் நிதி கிட்டாது என்ற நிபந்தனையும் சேர்ந்தே அதனைத் தகர்த்தன.

இவ்வரலாற்றை அறியாதவர்க்குப் பிற்கால ஆய்வுகள் புதிராகத் தோன்றும். பின்குவார்ட், சோரென்சன் ஆகிய இருவர் 116 ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் வெளியிட்ட முடிவுகள் கருதத்தக்கவை. சிறுபான்மை இனத்தார் வெள்ளையரினும் குறைந்த வருவாயும் கல்வியும் உடையவராய், மிகுதியான பணிவிடை செய்தனர். அவ்வாறிருந்தும் கறுப்பினத்தவர் மனச்சுமையையும் மனச்சோர்வையும் குறைவாகவே வெளியிட்டனர். லத்தீன் அமெரிக்க, ஆசிய வழியினரிடம் மனச்சோர்வு மிகுந்திருந்தது. ஆனால் இச்சிறுபான்மையினர் அனைவரின் உடல்நலமும் வெள்ளையரினும் தாழ்ந்தே இருந்தது.

கறுப்பினத்தவரின் மன உறுதிக்கு இறைநம்பிக்கையும், உற்றார் உறவினரின் துணையும், பணிவிடையைக் கடமையெனக் கொள்ளும் மரபும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. அவை மெய்யே. ஆயினும் அம்மரபு, பிற வாயில்கள் அடைக்கப்பட்ட காலத்தில் உரம்பெற்றது என்பதை மறத்தலாகாது. தாங்க வல்லவர்க்கு உதவி வேண்டா என்று முடிவு செய்வது, அடைத்த கதவை இரண்டாம் முறையும் அடைப்பதாகும். உள்ளம் முறையிடாத சுமையை உடல் சொல்லிவிடுகிறது. பொறுமையைப் புகழ்வது எளிது. பாரத்தைப் பகிர்ந்துகொள்வதே நீதி.