முத்திரையில் ஏறிய கோப்பி

ஒரு நாட்டின் சரித்திரத்தை அறிய விழைவோர் கல்வெட்டுக்களையும் ஏட்டுச் சுவடிகளையும் நாடுவர். அவற்றோடு வைத்து எண்ணத்தக்க வேறொரு சான்றும் உண்டு. அஃது, கடித உறையிலே கண்டு நாம் பொருட்படுத்தாது விடும் தபால் முத்திரையாகும். அச்சிறு கடதாசித் துண்டில் எதனைப் பொறிப்பது என்பதை ஒரு நாட்டின் தபாற் பகுதியே தீர்மானிக்கின்றது. ஆதலால், ஒரு சமுதாயம் எதனைத் தன் பெருமையென மதிக்கின்றது என்பதை முத்திரை நமக்குக் காட்டிவிடுகின்றது.

உலகின் முதல் தபால் முத்திரை 1840ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்தது. அதிலே விக்ரோறியா மகாராணியின் தலை இருந்தது. 1847இல் அமெரிக்க ஐக்கிய நாடு வெளியிட்ட முதல் முத்திரைகளிற் பிராங்கிளினும் வாஷிங்டனும் இடம்பெற்றனர். 1893இல் அந்நாடு தன் முதல் நினைவு முத்திரைகளை வெளியிட்டபோது, கொலம்பசின் கடற்பயணமே அவற்றின் பொருளாயிற்று. அரசியர், தலைவர், வீரர் என நடந்துவந்த அவ்வரிசையிலே, 2021ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 9ஆந் திகதி நான்கு கோப்பிக் கோப்பைகள் வந்து அமர்ந்தன. எஸ்பிரெஸ்ஸோ, கப்புச்சினோ, கஃபே லத்தே, கஃபே மொக்கா என்பன அவற்றின் பெயர்கள். ரெறி அலன் என்பவர் படங்களை வரைய, கிரெக் பிரீடிங் என்பவர் முத்திரைகளை அமைத்தார்.

“குடிக்கும் கோப்பிக்கும் ஒரு முத்திரையா?” என்று மூத்தோர் சிலர் வினவுதல் கூடும். வினா நியாயமானதே. ஆயின், அந்நான்கு பெயர்களையும் சற்று நின்று நோக்கினால், ஒவ்வொன்றும் உலக சரித்திரத்தில் ஓர் அத்தியாயம் என்பது புலனாகும்.

முதலில் மொக்காவை எடுத்துக்கொள்வோம். இது செங்கடற் கரையிலே, யேமன் தேசத்திலுள்ள ஒரு துறைமுகத்தின் பெயர். கோப்பிச் செடியின் தாயகம் எதியோப்பியா எனினும், அதனைப் பயிரிட்டு வாணிகப் பொருளாக்கியோர் யேமன் நாட்டினரே. 17ஆம் நூற்றாண்டிலே உலகச் சந்தைக்குச் சென்ற கோப்பியிற் பெரும்பகுதி அத்துறைமுகத்தின் வழியே சென்றது. இன்று அப்பெயர் சொக்கலேற்றுக் கலந்த கோப்பியைக் குறிக்கின்றது. சொக்கலேற்றோ மத்திய அமெரிக்கப் பழங்குடியினர் உலகுக்கு ஈந்தது. ஒரே கோப்பையில் இரு கண்டங்கள் கைகோக்கின்றன!

கப்புச்சினோ என்னும் பெயர் கப்புச்சின் சபைத் துறவியரிடமிருந்து வந்தது. அவர்கள் அணியும் அங்கி கபில நிறமுடையது. பாலோ ஆடையோ கலந்த கோப்பியின் நிறம் அதனை ஒத்திருந்தமையால், வியன்னா நகரத்தார் அதற்குக் ‘கப்புசீனர்’ எனப் பெயரிட்டனர். பின்னர் இத்தாலியிலே அப்பெயர் கப்புச்சினோவாகி, நுரை பொங்கும் பாலையும் சேர்த்துக்கொண்டது.

எஸ்பிரெஸ்ஸோ இயந்திர யுகத்தின் பிள்ளை. தூரின் நகரத்து அஞ்சலோ மொறியொந்தோ 1884இல் நீராவியாற் கோப்பி வடிக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்து உரிமைப் பத்திரம் பெற்றார். அது மொத்தமாக வடிப்பது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே, கேட்ட மாத்திரத்தில் வடித்துக் கொடுக்கும் இயந்திரத்தை 1901இல் அமைத்தவர் மிலான் நகரத்து லுயிஜி பெஸ்ஸேரா. 1906இல் மிலானில் நடந்த பொருட்காட்சியிலே அத்தகைய இயந்திரம் மக்கள் பார்வைக்கு வந்தது. ஆயினும் நீராவியின் அமுக்கம் போதாது, வெப்பமோ மிகையாகும், ஆதலாற் கோப்பியிற் கரிந்த சுவை ஏறிற்று. அக்குறையைத் தீர்த்தவர் அச்சில்லே கஜ்ஜியா. இரண்டாம் உலகப் போரின் பின்னர் அவர் அமைத்த நெம்புகோல் இயந்திரம், நீராவியை விடுத்து, வில்லின் விசையால் வெந்நீரைத் தூளினூடே செலுத்திற்று. கோப்பியின் மேலே பொன்னிற நுரை படிந்தது அதன் பின்னர்தான். 1961இல் ஃபேமா நிறுவனம் மின்விசைப் பம்பி பூட்டிய இயந்திரத்தை வெளியிட்டபின், கையின் வலுவும் வேண்டாதாயிற்று. ஏறத்தாழ 7 கிராம் தூளினூடே, வளியமுக்கத்தின் 9 மடங்கு அமுக்கத்தில், 25 செக்கனில் வடிவதே இத்தாலியர் வகுத்த அளவு.

நான்காவதாகிய லத்தே அமெரிக்காவிலேதான் பெரும்புகழ் பெற்றது. இத்தாலியிலே ‘லத்தே’ என்று மட்டும் கேட்பவருக்குப் பாலே கிடைக்கும்! 1773ஆம் ஆண்டு டிசெம்பரிலே பொஸ்ரன் நகரத்தார் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் எறிந்த கதையை மாணவர் அறிவர். அதன் பின்னர் தேநீரை விலக்கிக் கோப்பி பருகுதல் நாட்டுப் பற்றின் அடையாளமாயிற்று. பிற்காலத்தில் இத்தாலியக் குடியேற்றக்காரர் தம் கோப்பியை நியூயோர்க் முதலிய நகரங்களுக்குக் கொண்டுவந்தனர். 1983இல் சியாற்றில் நகரத்து ஸ்ரார்பக்ஸ் நிறுவனத்தில் ஊழியராயிருந்த ஹவார்ட் ஷூல்ற்ஸ் என்பவர் மிலானுக்குச் சென்று, அங்குள்ள கோப்பிச் சாலைகளைக் கண்டு வியந்தார். அடுத்த ஆண்டே சியாற்றிலில் லத்தே பரிமாறப்பட்டது. அன்றுவரை வறுத்த கோப்பிக் கொட்டையே விற்றுவந்த அந்நிறுவனத்தின் பெயர் பின்னர் உலகெங்கும் பரவிற்று. எனவே, பல நாட்டினர் வந்து குடியேறிய ஒரு தேசம், வந்தேறிய ஒரு பானத்தைத் தனதென ஏற்று முத்திரையிட்டதில் வியப்பொன்றுமில்லை.

எனினும், அம்முத்திரைகளிற் கோப்பை இருக்கின்றது. கோப்பிச் செடி இல்லை. அதனைப் பயிரிட்ட கையும் இல்லை. இவ்விடத்திலேதான் இக்கதை நம் நாட்டை வந்து தொடுகின்றது.

இலங்கையின் முதல் தபால் முத்திரை 1857ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆந் திகதி வெளிவந்தபோது, இந்நாட்டின் தலையாய ஏற்றுமதிப் பொருள் தேயிலையன்று, கோப்பியே. அக்கோப்பியை மலைநாட்டில் விளைவித்தோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே மாத்தளைக்குக் கால்நடையாகச் சென்ற அவர்களுட் பலர், காய்ச்சலுக்கும் கொள்ளைநோய்க்கும் இரையாகி வழியிலேயே மாண்டனர். அம்முத்திரையில் இருந்ததோ மகாராணியின் தலை.

1869இல் இலைத்துரு என்னும் பூஞ்சண நோய் இலங்கைக் கோப்பித் தோட்டங்களிலே தோன்றிற்று. இருபது ஆண்டுகளுக்குள் அத்தொழில் அழிந்து, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. நோய் இங்கே நின்றுவிடவில்லை, யாவாவுக்கும் பரவிற்று. அங்கே ஒல்லாந்தர், நோயைத் தாங்கவல்ல ‘றொபஸ்ரா’ என்னும் வேறோர் இனக் கோப்பியை 1900ஆம் ஆண்டளவில் நட்டனர். இன்று இத்தாலிய எஸ்பிரெஸ்ஸோக் கலவைகள் பலவற்றில் நுரையைத் தடிப்பாக்கவும் காரத்தைக் கூட்டவும் சேர்க்கப்படுவது அந்த றொபஸ்ராவே. மலைநாட்டுத் தோட்டங்களை அழித்த துரு, இவ்வாறு எங்கோ ஒரு கோப்பையின் சுவையையும் மாற்றிவிட்டது! 1970இல் அந்நோய் பிறேசிலையும் எட்டிற்று.

பிறேசில் 2001இலும் இந்தியா 2017இலும் கோப்பி மணம் வீசும் முத்திரைகளை வெளியிட்டன. 1967இல் தேயிலைத் தொழிலின் நூற்றாண்டுக்கு இலங்கையும் முத்திரை வெளியிட்டது. மணத்தையும் பொருளையும் நாடுகள் மறக்கவில்லை. அப்பொருளை விளைவித்த மனிதரை நினைப்பது எவர் கடன்?

முத்திரை சேர்க்கும் வழக்கமுள்ள இளைஞர் நம்மிடையே பலர். நிறமும் விலையும் பார்ப்பதோடு அவர்கள் அமைதல் ஆகாது. “இதிலே பொறிக்கப்பட்டது யாது? பொறிக்கப்படாதது யாது? ஏன்?” என்னும் மூன்று வினாக்களையும் ஒவ்வொரு முத்திரையிடமும் கேட்டல் வேண்டும். அமெரிக்க முத்திரையின் நான்கு கோப்பைகளும் அழகியனவே. ஆயினும், மாத்தளை வழியிலே மாண்ட முகமறியா மாந்தரை நினைத்துக்கொண்டு அவற்றைப் பார்ப்பவனே, சரித்திரத்தை முழுமையாகப் படித்தவனாவான். அம்முத்திரைகள் அவர்களை ஏந்தாவிடினும், நம் நெஞ்சம் ஏந்துதல் கூடும் அன்றோ?