கிடைக்காத கீயும் இரட்டைக் கீயும்

மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரின் அனாலிசிஸ் சர்வீசஸில் கியூப் கட்டுபவர்களை ராத்திரியில் எழுப்பும் பிழைகளில் அடிக்கடி தலைகாட்டுபவை இரண்டு. ஃபேக்ட் டேபிளில் இருக்கும் ஒரு கீ டைமென்ஷனில் கிடைக்கவில்லை என்பது ஒன்று. டைமென்ஷனுக்குள்ளேயே ஒரே கீ இரண்டு தடவை வந்துவிட்டது என்பது மற்றொன்று. லாகில் இரண்டும் ஒரே அச்சில் வார்த்ததுபோல வரும்: டேபிள் பெயர், நெடுவரிசைப் பெயர், சிக்கிய மதிப்பு. அதனாலேயே பலர் இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பார்க்கிறார்கள். எரர் கான்ஃபிகரேஷனில் ‘கண்டுகொள்ளாதே’ என்று வைத்துவிட்டால் ஜாப் பச்சை காட்டும், தூங்கப் போகலாம். முதல் பிழையில் இது ஓரளவு மன்னிக்கத்தக்கது, இரண்டாவதில் மன்னிக்க முடியாதது.

கிடைக்காத கீ பெரும்பாலும் நேரக் கோளாறு. பார்ட்டிஷனை ப்ராசஸ் செய்யும்போது சர்வர் ஒவ்வொரு வரிசையின் கீயையும் ஏற்கெனவே ப்ராசஸ் ஆன டைமென்ஷனில்தான் தேடுகிறது; டேட்டா வேர்ஹவுஸில் உள்ள டேபிளில் அல்ல. டைமென்ஷன் 2 மணிக்கு ப்ராசஸ் ஆகி, புதிய பொருள் ஒன்று 2.10-க்கு வேர்ஹவுஸில் ஏறி, அதன் விற்பனை 2.20-க்குப் பார்ட்டிஷனில் படிக்கப்பட்டால் பிழை நிச்சயம். காலையில் லெஃப்ட் ஜாயின் போட்டுப் பார்த்தால் விடுபட்ட கீ ஒன்றும் இருக்காது. பொருள் டேபிளில்தான் இருக்கிறதே! இந்த இடத்தில்தான் பலர் பாதி நாளைத் தொலைக்கிறார்கள். தேதி டைமென்ஷனில் புத்தாண்டின் நாள்களைச் சேர்க்க மறந்துவிட்டு ஜனவரி 1 அன்று மாட்டிக்கொள்வதும் இதே வகைதான்.

இதற்குப் பரிகாரம் எளிது. டைமென்ஷனுக்கு ப்ராசஸ் அப்டேட், பிறகு தோற்றுப்போன பார்ட்டிஷனை மட்டும் மறுபடி ப்ராசஸ் செய்தால் போதும். அவசரத்துக்கு அந்த வரிசைகளை ‘அன்னோன்’ உறுப்பினருக்குத் தள்ளலாம். மொத்தத் தொகை குறையாது, அறிக்கையில் அந்த வரி கண்ணில் பட்டு யாராவது கேள்வி கேட்பார்கள். வரிசையையே கழித்துவிடும் தேர்வும் உண்டு. அதைத் தொடாதீர்கள், பணம் காணாமல்போகும்.

இரட்டைக் கீ அப்படிப்பட்டதல்ல. பார்ட்டிஷனோடு டைமென்ஷனும் ஒரே ஜாபில் ஓடும்போது இது பார்ட்டிஷன் பிழைபோலத் தெரியும். கோளாறு இருப்பது டைமென்ஷனில். நம் சேலத்தையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத் தலைநகரின் பெயரும் சேலம்தான். ‘நகரம்’ என்ற அட்ரிபியூட்டுக்கு ஊர்ப்பெயரை மட்டும் கீயாக வைத்து, அதை மாநிலத்தோடு உறவுபடுத்தியிருந்தால், ஒரே சேலத்துக்கு இரண்டு மாநிலங்கள் வரும். சர்வர் மறுப்பது நியாயம். பிழையைக் கண்டுகொள்ளாதே என்று சொன்னால், இரண்டு ஊர் விற்பனையும் ஏதோ ஒரு மாநிலத்தின் கீழ் போய் விழும். மொத்தம் சரியாக இருக்கும், மாநிலக் கணக்கு தப்பாக இருக்கும், பிழைச் செய்தி எதுவும் வராது. கணக்கு தணிக்கை செய்பவர் மொத்தத்தை மட்டும் சரிபார்த்தால் இது பல மாதம் பிடிபடாது.

மாநிலத்தையும் ஊரையும் சேர்த்துக் கூட்டுக் கீயாக வைப்பதே இதற்கான தீர்வு. அதன் விலை கொஞ்சம் அதிகம்: டைமென்ஷனை முழுதாக ப்ராசஸ் செய்தாக வேண்டும், அப்படிச் செய்தால் அதைச் சார்ந்த பார்ட்டிஷன்களின் தரவு அழியும், அவற்றையும் முதலிலிருந்து நிரப்ப வேண்டும். வார இறுதி வேலை.

இரட்டைக் கீயில் இன்னொரு ரகமும் உண்டு. அதில் வடிவமைப்பு சரிதான், தரவுதான் அழுக்கு. ஒரு நெடுவரிசையில் நல் (NULL) மதிப்பும் காலி எழுத்துச்சரமும் கலந்திருந்தால் எஸ்க்யூஎல் இரண்டு வரிசை தரும். அனாலிசிஸ் சர்வீசஸ் வழக்கமான அமைப்பில் நல்லையும் காலியாக மாற்றிவிடுவதால் அதற்கு இரண்டும் ஒன்று. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை வேர்ஹவுஸ் பார்த்து, கியூப் பார்க்காமல் விட்டாலும் இதே கதை. வியூவில் மதிப்புகளைச் சீராக்கினால் முடிந்தது.

ஒரு நல்ல செய்தி: ஒரே டிரான்சாக்ஷனாக ஓடும் ப்ராசஸ் தோற்றால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், பயனர்களுக்கு நேற்றைய கணக்கு கிடைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே இரட்டைக் கீ வந்தால் ஜாபை நிற்க விடுங்கள், மேலாளர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.