உடலும் இசைவும்: ஆங்கிலக் குற்றச் சட்ட வரலாற்றில் ஒரு சிக்கல்

இசைந்து ஏற்றவனுக்கு இழைத்தது தீங்காகாது என்பது உரோமர் வகுத்த பழைய நெறி. இழப்பீடு வேண்டும் வழக்குகளில் இந்நெறி பெரிதும் செல்லும்; குற்ற வழக்குகளில் இஃது எவ்வளவு செல்லும் என்பதோ நெடுநாள் தீராத வினா. அகவை நிரம்பியோர் தம்முள் இசைந்து, கட்டுதல், ஆளுதல், அடிபணிதல், நோவு தருதல் ஆகியவற்றைக் காம நுகர்ச்சியின் கூறுகளாகக் கொள்வதுண்டு. இக்காலத்தார் இதனைப் 'பி.டி.எஸ்.எம்.' என்பர். அவர்தம் இசைவு சட்டத்தின் முன் நிற்குமா என்பதனை ஆங்கில நாட்டு வழக்குகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

1628இல் வெளிவந்த நூலொன்றில் சட்ட அறிஞர் எட்வர்டு கோக் ஒரு வழக்கினைக் குறிக்கின்றார். வலிய இளைஞன் ஒருவன், இரந்துண்ண ஏதுவாகும் எனக் கருதித் தன் தோழனைக்கொண்டே தன் இடக்கையை வெட்டுவித்தான். வெட்டினவன், வெட்டுண்டவன் ஆகிய இருவரும் தண்டிக்கப்பட்டனர். போரிடப் பயன்படும் உறுப்பினைச் சிதைத்தல் அரசனுக்கு இழைக்கும் தீங்கு என்பது அக்காலக் கொள்கை. எனவே, உடல் உடையவனுக்கே முழுதும் உரியதன்று என்னும் கருத்தே இச்சட்டத்தின் வேராதல் பெறப்படும். 1882இல் கோனி வழக்கில், பரிசுக்காக வெறுங்கையால் பொருதோரின் இசைவு ஏற்கப்படவில்லை. அங்கே அரசனுக்கு ஈடாகப் பொது அமைதி வந்து நின்றது. 1934இல் டோனவன் வழக்கில் இவ்விதி காமத்தின்பாற்பட்ட அடித்தலுக்கும் விரிக்கப்பட்டது. நடுவர் சான்றாயர்க்கு நெறிகூறியதில் நேர்ந்த பிழையால் அத்தண்டனை நீக்கப்பட்டதேனும், விதி நிலைத்துவிட்டது.

அவ்விதியின் முழு விளைவு பிரவுன் வழக்கிற் புலனாயிற்று. ஆடவர் சிலர் தனியிடத்திற் கூடி இத்தகைய செயல்களில் ஈடுபட்டனர். யாவரும் இசைந்தவர், எவரும் முறையிட்டிலர், நிலையான ஊறும் எவர்க்கும் இல்லை. அவர்களே எடுத்த ஒளிப்படப் பதிவு காவலர் கையிற் சிக்கியதே வழக்கிற்குத் தோற்றுவாய். 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர்கள் குற்றவாளிகளாயினர். நோவினை ஏற்றவருள் சிலரும், தம்மேல் நிகழ்ந்த குற்றத்திற்குத் தாமே துணைபோயினர் எனத் தண்டிக்கப்பட்டனர். கையிழந்த இளைஞன் நிலை மீண்டும் வந்தமை நோக்கத்தக்கது. 1993இல் பிரபுக்கள் அவை மூவர்க்கு இருவர் என்னும் கணக்கில் இத்தீர்ப்பை உறுதிசெய்தது. வன்முறையில் இன்பங் காணும் போக்கினின்று சமுதாயம் தன்னைக் காத்துக்கொள்ளல் வேண்டும் என்பது டெம்பிள்மன் பிரபுவின் கருத்து. இது வன்முறை பற்றியதன்று, தனிவாழ்வு பற்றியது என மறுத்தவர் மஸ்டில் பிரபு; ஸ்லின் பிரபுவும் மறுத்தார். 1997இல் ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் இத்தண்டனையால் உரிமை மீறல் நேர்ந்திலது என்றது.

ஆயின், 1996இல் வில்சன் வழக்கில், மனைவி வேண்டியவாறு அவள் உடலில் சூட்டுக்கத்தியால் தன் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்த கணவன் விடுதலை பெற்றான். அதனைப் பச்சை குத்துதலோடு ஒப்பவைத்தது மன்றம். காயத்தின் அளவோ இசைவின் தன்மையோ இவ்வேறுபாட்டை முற்றும் விளக்கவில்லை. செயலைப் பற்றிய நடுவர்தம் மதிப்பீடே விளக்குகின்றது எனல் மிகையாகாது.

இனி, இந்நாட்டுச் சட்டத்தை ஒப்புநோக்குவோம். 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் இரு வினாக்களைப் பிரித்துவைத்தது. பதினெட்டு அகவை கடந்தோர் இசைந்து ஏற்கும் தீங்கு, சாவோ கொடுங்காயமோ விளைக்கும் நோக்கமும் அறிவும் இல்லாதவிடத்துக் குற்றமன்று என்பது 87ஆம் பிரிவு. பொழுதுபோக்காக வாட்போர் பயிலும் இருவர் அதற்குக் காட்டப்பட்ட எடுத்துக்காட்டு. அச்சத்தாலோ மயக்க உணர்வாலோ தந்த இசைவு இசைவாகாது என்பது 90ஆம் பிரிவு. எவ்வளவு காயம் என்பது முன்னது. எத்தகைய இசைவு என்பது பின்னது. இவை 2023ஆம் ஆண்டின் பாரதிய நியாய சன்ஹிதாவில் 25, 28ஆம் பிரிவுகளாக உள்ளன. பிரவுன் வழக்கு வரைந்த எல்லையினும் இவ்வெல்லை அகன்றதே.

இதனால் ஆங்கில விதி முற்றும் பொருளற்றது எனக் கொள்ளற்க. பெண்களைக் கொன்றோர் சிலர், அவள் இசைந்தே நிகழ்ந்த காமவிளையாட்டின் விளைவு அது என வாதிட்டனர். இறந்தவள் மறுத்துரைக்க வாரலள். 2021ஆம் ஆண்டு இல்லற வன்கொடுமைச் சட்டம் அவ்வாதத்தை இங்கிலாந்திலும் வேல்சிலும் அடைத்தது. இசைந்த ஆடவரைத் தண்டித்த விதியே, இசைந்தாள் எனப் பொய்யாகக் கூறப்படும் பெண்ணுக்குக் காப்பாயிற்று. 2011இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் வேறொரு வழியிற் சென்றது: உணர்விழந்தார்க்கு இசைவில்லை, முன்னர்த் தந்த இசைவும் அந்நிலையிற் செல்லாது என்றது. இசைவு என்பது ஒருமுறை கொடுத்து முடியும் பொருளன்று, கணந்தோறும் உயிர்ப்புடன் இருந்து, வேண்டியபோது மீட்கத்தக்கது என்பது இதனாற் போதரும்.

இசைதல் வேறு, எதிராதிருத்தல் வேறு. காயத்தை அளக்கும் சட்டம் இவ்வேறுபாட்டைக் காணாது. அது மெய்யாக இசைந்தவரைக் குற்றவாளியாக்கும். அதனைத் தளர்த்திய வழியோ, இசையாதவரை இசைந்தவராக்குவோர்க்கு இடந்தரும். இவ்விரு தீங்கிற்கும் மருந்து ஒன்றே: இசைவு எவ்வாறு கேட்கப்பட்டது, எவ்வாறு தரப்பட்டது, மறுக்க இடமிருந்ததா என ஆராய்தல். நானூறு ஆண்டு வழக்குகள் உடல் யாருக்குரியது என்றே பெரிதும் வினவின; இசைவு மெய்யா என்பதே முதல் வினாவாதல் வேண்டும் என்பது நம் துணிபு.