இதயச் சுவரும் இப்னு நஃபீஸும்



நம் நெஞ்சுக்கூட்டினுள் கைப்பிடி அளவே உள்ள இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடிக்கின்றது. நாம் உறங்கும்போதும் அதற்கு ஓய்வில்லை. உடலெங்கும் சுற்றிக் கருத்துத் திரும்பும் இரத்தம் அதன் வலப்பக்கத்தை அடைகின்றது. அங்கிருந்து நுரையீரலுக்குத் தள்ளப்பட்டு, நாம் உள்ளிழுக்கும் காற்றிலிருந்து பிராணவாயுவைப் பெற்று, செந்நிறமாகி இடப்பக்கம் வந்து சேர்ந்து, மீண்டும் உடலெங்கும் அனுப்பப்படுகின்றது. இவ்விரு பக்கங்களுக்கும் இடையே தடித்த தசைச்சுவர் ஒன்று உண்டு. அதில் வழி ஏதும் கிடையாது. அச்சுவரில் துளையோடு பிறக்கும் சில குழந்தைகளுக்கு அறுவை மருத்துவம் செய்து அதனை அடைக்கின்றார்கள் என்பதை நம்மில் பலரும் அறிவோம்.

இன்று பள்ளிப் பிள்ளைகள் படம் வரைந்து பாகம் குறிக்கும் இச்செய்தி, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவ உலகிற்குத் தெரியாதிருந்தது. நாமறிந்தவரை அதனை முதன்முதலில் எழுதி வைத்தவர் அலாவுத்தீன் இப்னு நஃபீஸ் (ரஹ்) அவர்களாவார்.

அவருக்கு முன் நிலவிய கருத்து யாது? அரபியர் ஜாலீனூஸ் என்றழைத்த கேலன், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசில் வாழ்ந்த பெரும் மருத்துவர். உண்ட உணவிலிருந்து கல்லீரல் இரத்தத்தை உண்டாக்குகின்றது, அது சிரைகள் வழியே உடலெங்கும் சென்று செலவாகி விடுகின்றது, அதில் ஒரு பகுதி இதயத்தின் வலப்பக்கம் நுழைந்து, நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் வழியாக இடப்பக்கம் கசிகின்றது என்று அவர் எழுதினார். அத்துளைகளை எவரும் கண்டதில்லை. ஆயினும் சொன்னவர் ஜாலீனூஸ் என்பதால் எவரும் மறுக்கவில்லை. மருத்துவ மேதை இப்னு சீனா (ரஹ்) அவர்களும் தமது ‘கானூன்’ என்னும் பெருநூலில் இதயத்தைப் பற்றிப் பெரும்பாலும் பழைய வழியையே பின்பற்றினார்கள்.

இப்னு நஃபீஸ் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திமிஷ்கு நகரை அடுத்த பகுதியில் பிறந்தவர். சுல்தான் நூருத்தீன் ஸன்கீ அங்கே நிறுவிய நூரி மருத்துவமனையில் அத்தக்வார் என்னும் ஆசிரியரிடம் பயின்றார். பின்னர் கெய்ரோவில் குடியேறித் தலைசிறந்த மருத்துவராக விளங்கினார். அத்துடன் அவர் ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட அறிஞருமாவார். கெய்ரோவின் மஸ்ரூரிய்யா மதரஸாவில் ஃபிக்ஹு பாடம் நடத்தினார். நம் கடற்கரை ஊர்களில் தொன்றுதொட்டுப் பின்பற்றப்படும் அதே மத்ஹபு என்பதை எண்ணும்போது, எங்கோ வாழ்ந்த அந்தப் பெரியார் சற்று நெருங்கி வந்தாற்போல் தோன்றுகின்றது.

அவரது இயல்பைக் காட்டும் ஒரு நிகழ்ச்சியை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். ஒருநாள் பொதுக் குளியலறையில் நீராடிக் கொண்டிருந்தவர், பாதியில் வெளியே வந்து மையும் காகிதமும் கேட்டு வாங்கி, நாடித்துடிப்பைப் பற்றிய ஒரு நூலை எழுதி முடித்த பின்னரே மீண்டும் உள்ளே சென்று குளித்தாராம்.

ஏறத்தாழ 30 வயதில், கி.பி. 1242ஆம் ஆண்டளவில், ‘கானூனி’ல் உள்ள உடற்கூற்றுப் பகுதிகளுக்கு அவர் ஓர் உரை எழுதினார். உரை எழுதுவோர் மூலநூலாசிரியரைப் போற்றி விளக்குவதே வழக்கம். இவரோ, இதயத்தின் நடுச்சுவர் தடித்தது, அதில் கண்ணுக்குத் தெரியும் வழியுமில்லை, ஜாலீனூஸ் எண்ணியது போன்ற மறைவான துளைகளுமில்லை என்று திட்டவட்டமாக மறுத்தார். வலப்பக்க இரத்தம் இடப்பக்கம் வர வேண்டுமாயின், அது நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றுடன் கலந்து, பின்னரே திரும்ப முடியும் என்று எழுதினார். நுரையீரலுக்குச் செல்லும் குழாய் ஏன் தடித்த சுவருடையதாகவும், அங்கிருந்து திரும்பும் குழாய் ஏன் மெல்லியதாகவும் அமைந்துள்ளன என்று ஆராய்ந்து, இவ்விரண்டுக்குமிடையே நுண்ணிய வழிகள் இருந்தாக வேண்டும் என்றும் கூறினார். 1661இல் இத்தாலியரான மால்பீகி, நுண்ணோக்கியின் வழியே தவளையின் நுரையீரலில் அந்த நுண்குழாய்களைக் கண்டார். இதயத் தசைக்கு உணவளிப்பவை அதன் உடலிலேயே பரவியுள்ள குழாய்கள்தாம் என்பதையும் இப்னு நஃபீஸ் குறித்துள்ளார். இன்று மாரடைப்பு என்றதும் நாம் அஞ்சுவது அக்குழாய்களின் அடைப்புக்கே.

இதனை அவர் எங்ஙனம் அறிந்தார்? ஷரீஅத்தின் தடையும் தம் உள்ளத்து இரக்கமும் உடல்களை அறுத்துப் பார்ப்பதினின்றும் தம்மைத் தடுத்தன என்று அவரே எழுதுகின்றார். ஆயினும் அதே நூலில், முன்னோர் கூற்றை உடற்கூறாய்வு பொய்யாக்குகின்றது என்றும் ஓரிடத்தில் கூறுகின்றார். எனவே அறிஞர்கள் இது குறித்து இன்றும் வாதிடுகின்றனர்.

இங்கே நம்மவர்களிடம் ஒரு வார்த்தை பணிவுடன் சொல்ல வேண்டியுள்ளது. இரத்த ஓட்டம் முழுவதையும் இப்னு நஃபீஸே கண்டுபிடித்தார், அதை ஐரோப்பியர் திருடிக் கொண்டனர் என்று நம் மேடைகளில் முழங்கப்படுவதுண்டு. உண்மை அதுவன்று. அவர் கண்டது இதயத்திற்கும் நுரையீரலுக்கும் இடையிலான ஓட்டத்தை மட்டுமே. அரைமணி நேரத்தில் இதயம் வெளித்தள்ளும் இரத்தம் உடலிலுள்ள மொத்த இரத்தத்தையும் விட மிகுதி, ஆகவே அதே இரத்தம்தான் சுற்றி வந்தாக வேண்டும் என்று கணக்கிட்டு நிறுவியவர் 1628இல் நூல் வெளியிட்ட இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி ஆவார். ஐரோப்பாவில் நுரையீரல் ஓட்டத்தை 1553இல் செர்வெட்டஸும் 1559இல் கொலம்போவும் எழுதினர். திமிஷ்கில் ஏறத்தாழ 30 ஆண்டுகள் வாழ்ந்த அல்பாகோ என்பவர் இப்னு நஃபீஸின் உரையில் ஒரு பகுதியை லத்தீனில் பெயர்த்தார் என்பதும், அது 1547இல் வெனிஸில் அச்சானது என்பதும் மெய்யே. ஆனால் அச்சான பகுதி கூட்டு மருந்துகளைப் பற்றியது, இதயத்தைப் பற்றியதன்று. ஐயத்தைச் சான்றாகக் காட்டுவது, கண்ணால் காணாத துளையை மறுத்த அப்பெரியாருக்கு நாம் செய்யும் மரியாதையாகாது.

நாம் வருந்த வேண்டிய செய்தி வேறொன்று உண்டு. ‘கானூனை’ச் சுருக்கி அவர் எழுதிய ‘மூஜஸ்’ என்னும் நூல் பெரும்புகழ் பெற்றது. அதற்கு உரைகள் பல எழுந்தன; இந்தியாவின் யூனானிக் கல்வியிலும் நெடுங்காலம் பாடமாக விளங்கிற்று. அந்தச் சுருக்கத்தில் உடற்கூற்றுப் பகுதி இல்லை! 14ஆம் நூற்றாண்டில் ஓரிரு உரையாசிரியர்கள் அவரது கண்டுபிடிப்பை எடுத்தாண்டதைத் தவிர, அது பெரிதும் கவனிக்கப்படாமலே போயிற்று. எல்லோரும் ஓதிய நூலில் அது இல்லை; அது இருந்த நூலை ஓதியவர் சிலரே.

ஹிஜ்ரி 687இல் (கி.பி. 1288) அவர் நோயுற்றபோது, மருத்துவ நண்பர்கள் சிறிது மதுவை மருந்தாக அருந்தச் சொன்னார்கள். உடலில் மதுவுடன் இறைவனைச் சந்திக்க மாட்டேன் என்று மறுத்து விட்டார். தம் வீட்டையும் நூல்களையும், சுல்தான் கலாவூன் சில ஆண்டுகளுக்கு முன் கட்டிய மன்சூரி மருத்துவமனைக்கு எழுதி வைத்து விட்டு மறைந்தார்.

1924இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் பயின்ற முஹ்யித்தீன் அத்தத்தாவி என்ற எகிப்திய மாணவர், பெர்லின் நூலகத்திலிருந்த கையெழுத்துப் பிரதியில் இப்பகுதியைக் கண்டு ஆய்வேடாகச் சமர்ப்பித்தார். கெய்ரோவில் வாழ்ந்த ஜெர்மானியக் கண் மருத்துவர் மேயர்ஹோஃப் அதனை மேலும் ஆராய்ந்து, 1935இல் கட்டுரையாக வெளியிட்ட பின்னரே உலகம் இதனைப் பரவலாக அறிந்தது. இப்னு நஃபீஸ் மறைந்து சரியாக 700 ஆண்டுகள் கழித்து, 1988இல், அந்த உரையின் அரபு மூலம் அவர் வாழ்ந்த கெய்ரோ நகரிலேயே அச்சு நூலாக வெளிவந்தது.