லாந்தரும் ஒரு லட்சம் வாத்தியார்களும்

போன சனிக்கிழமை ஆபீஸ்ல ஆணி எதுவும் இல்லை. வீட்டுல உட்கார்ந்து 'மாயெஸ்த்ரா'ன்னு ஒரு ஆவணப்படம் பார்த்தேன். 2012ல் வந்தது, அரை மணி நேரம்தான் ஓடும். கியூபாவில் 1961ல் கிராமத்துக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போன பெண்கள், பாட்டியான பிறகு அந்தக் கதையைச் சொல்கிறார்கள். அதிலிருந்து ஒரு வாரமா இதே படிப்புதான். படிச்சதை உங்க தலையிலும் கட்டிடறேன் :-)

1960 செப்டம்பர் 26ம் தேதி ஐ.நா. சபையில் ஃபிடல் காஸ்ட்ரோ நாலரை மணி நேரம் பேசினார். அந்த நீ...ளமான பேச்சின் நடுவே, அடுத்த வருஷமே எங்க நாட்டில் எழுத்தறிவின்மையை ஒழிச்சுடுவோம்னு ஒரு வாக்குறுதி. நம்ம ப்ராஜெக்ட் மேனேஜர்கள் கிளையன்ட்டிடம் தேதி கொடுத்துட்டு வந்து நம்மைப் பார்ப்பாங்களே, அதே கதைதான். 1953 கணக்கெடுப்பின்படி கியூபாவில் 23.6 சதவீதம் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கிராமங்களில் மட்டும் பார்த்தால் 40ஐத் தாண்டும். மலைக்கிராமத்துக்குப் போக வாத்தியார்கள் போதாது. என்ன செய்வது?

ஏப்ரல் மாதம் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். மாணவர்களையே வாத்தியாராக்கி அனுப்பிவிட்டார்கள்!

சுமார் ஒரு லட்சம் பேர். பெரும்பாலும் பதின்ம வயசுப் பிள்ளைகள், அதில் பாதிக்கு மேல் பெண்கள். அப்பா அம்மா கையெழுத்துப் போட்டால்தான் போக முடியும். அந்தக் காலத்து ஹவானாவில் பொண்ணைத் தனியா கடைக்கு அனுப்பவே யோசிப்பாங்க. அந்தக் கையெழுத்துக்காக வீட்டுக்கு வீடு நடந்த சண்டையைத்தான் படத்தில் பாட்டிகள் சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க. வராதேரோ கடற்கரையில் ஒரு வாரம், பத்து நாள் பயிற்சி. அது நடக்கும்போதே ஏப்ரல் 17ல் பன்றிகள் வளைகுடாவில் படையெடுப்பு. அப்பவும் பயிற்சி நிற்கவில்லை.

கையில் கொடுத்தது ஒரு சீருடை, தூளி, போர்வை, புத்தகம், அப்புறம் ஒரு மண்ணெண்ணெய் லாந்தர். போற ஊரில் கரண்ட் கிடையாது இல்லையா. பகலில் அந்தக் குடும்பத்தோடு வயலில் வேலை, ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் பாடம். ஒரு பிள்ளைக்கு ரெண்டு மூணு பேர்தான் மாணவர்கள். தாத்தா பாட்டிகளுக்கு எழுத்து தெரியாததோடு கண்ணும் தெரியலைன்னு புரிஞ்சதும் கண்ணாடியும் கொடுத்தாங்க. இந்த ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

பாடம் நடத்தின விதமும் சுவாரசியமானது. முதலில் ஒரு படம். அதைப் பத்திப் பேச்சு. அப்புறம் அதிலிருந்து ஒரு வாக்கியம், அதை உடைச்சு அசை, அசையிலிருந்து எழுத்து. நடுநடுவே மூணு சோதனை. கடைசிச் சோதனையில் ஃபிடலுக்கே ஒரு கடிதம் எழுதணும்.

ஆனா ஒண்ணு. நமக்கு அணில், ஆடு மாதிரி அவங்களுக்கு முதல் பாடம் 'ஓ.இ.ஏ.' அமெரிக்க நாடுகள் அமைப்பின் ஸ்பானிஷ் சுருக்கம் அது. மூணும் உயிரெழுத்து, கத்துக்கச் சுலபம்னு காரணம் சொல்லலாம். ஆனால் அந்தப் புத்தகம் முழுக்கவே அரசியல் பிரசாரம்தான். படிக்கக் கத்துக்கிட்டவர்கள் கையில் கிடைத்த பத்திரிகையும் அரசாங்கம் அச்சடிச்சது மட்டும்தான். இதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான்.

இன்னொரு பாதி ரத்தம். இயக்கத்துக்கு முன்னோடியாகப் போன 18 வயது வாத்தியார் கொன்ராதோ பெனீதெஸ், 1961 ஜனவரி 5ல் எஸ்காம்ப்ராய் மலையில் எதிர்ப்புரட்சிக் குழுவால் கொல்லப்பட்டார். மாணவர் படைக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். நவம்பர் 26ல் அதே மலைப்பகுதியில் மானுவல் அஸ்குன்சே என்ற 16 வயதுப் பையனையும், அவனிடம் படித்துக்கொண்டிருந்த விவசாயி பெத்ரோ லாந்திகுவாவையும் தூக்கில் தொங்கவிட்டார்கள். கையெழுத்துப் போட்ட அம்மாக்களை நினைச்சுப் பார்த்தேன். என்னால் இதைச் சும்மா 'தியாகம்'னு எழுதிட்டுத் தாண்டிப் போக முடியலை.

டிசம்பர் 22ல் முடிவு அறிவிச்சாங்க. 7,07,212 பேர் எழுதப் படிக்கக் கத்துக்கிட்டாங்க. தெரியாதவர்கள் 3.9 சதவீதம். பிள்ளைகள் ஹவானா சதுக்கத்தில் ராட்சத பென்சில்களைத் தூக்கிக்கிட்டு ஊர்வலம் போனார்கள். அடுத்து நாங்க என்ன செய்யணும்னு கேட்டார்கள். பதில்: போய்ப் படிங்க! ஃபிடலுக்கு எழுதின கடிதங்கள் ஹவானாவில் ஒரு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முன்னாடி ராணுவ முகாமாக இருந்து பள்ளிக்கூடமான வளாகம் அது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்க காலேஜ் என்.எஸ்.எஸ். கேம்ப்தான் ஞாபகம் வந்தது. ஏழு நாள். பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடிச்சோம், கோயில் வாசலில் செடி நட்டோம், ராத்திரி அந்தாக்ஷரி. அஞ்சாம் நாள் டீக்கடைகிட்ட ஒரு பாட்டி, "ஏம்ப்பா, எம் பேரை எழுதக் கத்துக்குடுக்கிறியா? பேங்க்ல கைநாட்டு வைக்கச் சங்கடமா இருக்கு"ன்னு கேட்டாங்க. "நாளைக்கு வர்றேன் பாட்டி"ன்னு சொன்னேன். போகலை. சான்றிதழ் மட்டும் பத்திரமா ஃபைல்ல இருக்கு.

அந்த ஒரு லட்சத்தில் லெயோனெலா ரெலிஸ் என்ற சின்னப் பெண்ணும் ஒருத்தி. வளர்ந்து கல்வியாளர் ஆனார். 2000களின் தொடக்கத்தில் 'என்னால் முடியும்'னு அர்த்தம் வர்ற 'யோ சி புவேதோ' என்ற பாடமுறையை உருவாக்கினார். வெனிசுலா, பொலிவியா, கிழக்குத் திமோர்னு பல நாடுகளுக்குப் போன முறை. 2006ல் யுனெஸ்கோவின் கிங் செஜோங் பரிசும் கிடைத்தது. அதோட சூட்சுமம் ரொம்ப எளிமை. எழுத்து தெரியாதவங்களுக்கும் எண் தெரியும். காசு எண்ணுவாங்க, வயசு சொல்லுவாங்க. அதனால் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு எண்ணோடு கட்டி, தெரிஞ்சதிலிருந்து தெரியாததுக்குக் கூட்டிட்டுப் போறது.

அந்தப் பாட்டிக்கும் எண்கள் நல்லாத் தெரியும். அன்னைக்கு என்னை டவுன் பஸ்ஸில் ஏத்திவிட்டதே அவங்கதான். தூரத்தில் வரும்போதே நம்பரைப் பார்த்து, "இது இல்லப்பா, அடுத்தது"ன்னு சொன்னாங்க.