நடுவர் தீர்ப்பு வந்த வழி

வணிகம் நடக்குமிடத்தில் வழக்கும் எழுவது இயல்பு. சரக்கின் தரத்திலோ, தவணையிலோ, கணக்கிலோ இருவர் மாறுபட்டால் நீதிமன்றமே கதி என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆயினும், இரு தரப்பாரும் ஒப்பி நடுவர் ஒருவரை அமர்த்தி, அவர் தீர்ப்புக்குக் கட்டுப்படும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழமையானது. குலம், சிரேணி, பூகம் என்னும் அவைகள் வழக்குத் தீர்த்ததை யாக்ஞவல்கிய ஸ்மிருதி குறிப்பிடுகிறது. சிரேணி என்பது ஒரே தொழில் புரிவோரின் கூட்டம். தொழிலின் நுட்பம் அறிந்தவர்களே அதன் வழக்கையும் ஆராய்ந்தனர்.

ஆங்கிலக் கம்பெனியாரும் இம்முறையை விலக்கவில்லை. கணக்கு வழக்குகளை நடுவரிடம் விடுமாறு தரப்பினருக்குப் பரிந்துரைக்க வேண்டும் என்று 1772-ஆம் ஆண்டு வங்காள ஒழுங்குவிதி கூறிற்று. 1899-இல் பிறந்த தனிச் சட்டம் முதற்கண் சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களுக்கு உரியதாயிற்று. பிற இடங்களில் உரிமையியல் நடைமுறைச் சட்டமே வழிகாட்டிற்று. இவ்வேற்றுமையை 1940-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது.

எனினும் ஒரு குறை நின்றது. நடுவரின் தீர்ப்பு நீதிமன்றத்தில் தாக்கலாகி, அதன் ஆணையாக மாறிய பின்னரே நிறைவேற்றத்தக்கதாயிற்று. நீதிமன்றத்தின் தாமதத்துக்கு அஞ்சி நடுவரை நாடியவர்கள், மீண்டும் அதன் வாயிலிலேயே காத்திருந்தனர். இந்நிலைக்கு 1981-இல் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் வருந்திற்று. ஐக்கிய நாடுகளின் 1985-ஆம் ஆண்டு மாதிரிச் சட்டத்தைத் தழுவிய 1996-ஆம் ஆண்டுச் சட்டம், நடுவர் தீர்ப்பை நீதிமன்ற ஆணையைப் போலவே நிறைவேற்ற வழிசெய்தது. அதனை நீக்கக் கோருவோர் பொதுவாக மூன்று மாதங்களுக்குள், சட்டம் வகுத்த சில காரணங்களைக் காட்டியே கோரலாம். ஒரு தரப்பின் ஊழியர் நடுவராவதை 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் தடுத்தது; வழக்கு எழுந்த பின் இரு தரப்பும் எழுத்தால் இசைந்தால் மட்டுமே அதற்கு விலக்கு உண்டு.

பிற மாநிலங்களில் தொழில் நடத்தும் நம்மவர்க்கு இவ்வரலாறு பயன் தருவது ஒப்பமிடும் வேளையில்தான். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் நடுவர் விதி இருக்கக்கூடும். நடுவர் எத்தனை பேர், அவரை நியமிப்பவர் யார், நடுவர் மன்றத்தின் இருப்பிடமாகக் குறித்த ஊர் எது என்று நாம் பார்த்தல் வேண்டும். பின்னர் நீதிமன்றத்தை அணுக நேரிட்டால், பொதுவாக அவ்வூர் நீதிமன்றத்துக்கே செல்ல வேண்டியிருக்கும். தொலைவும் செலவும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருத்தலால், மாற்ற விரும்புவதைக் கையெழுத்துக்கு முன்னரே கேட்டு மாற்றிக்கொள்வது நலம்.