உலகே சான்றாக இறைவனைக் காட்டிய மெய்கண்டார்

முதுகுளத்தூர்ச் சீமையில் ஒரு கண்மாயைக் காண்பவர், அதனை வெட்டியவர் யாவர் என வினவுவரேயன்றி, வெட்டியவர் உண்டோ இலரோ என்று ஐயுறுவதில்லை. வளைந்து நிற்கும் கரையும், வயலுக்கு நீர் விடும் மடையும், மிகுநீரைக் கழிக்கும் கலுங்கும் அறிவுடையார் செயலைத் தாமே கூறும். ஆனால் அக்கண்மாயை நிரப்பும் மழைக்கும், மழைக்கு முதலாகிய கடலுக்கும், இவையெல்லாம் அடங்கிய உலகுக்கும் கருத்தா ஒருவன் உண்டென்று துணிவது எங்ஙனம்? கண்மாய் வெட்டக் கண்டவர் உளர். உலகு படைக்கக் கண்டவர் எவருமிலர். இவ்வாறு வினவுவாரை எளிதில் தள்ளிவிட இயலாது.

வினா மிகப் பழையது. கி.பி. 10-ஆம் நூற்றாண்டில் மிதிலை நாட்டு உதயணர் ‘நியாய குசுமாஞ்சலி’ என்னும் நூலில், நிலம் முதலியன காரியம். காரியமாகலின், குடத்துக்குக் குயவன்போல அவற்றுக்கும் ஒரு கருத்தா வேண்டும் என வாதிட்டார். மீமாஞ்சகரோ, உலகம் என்றும் இவ்வாறே உள்ளது, அது காரியமே அன்று என்றனர். ஆகவே வழக்கு முழுவதும் ஒரு புள்ளியில் வந்து நின்றது: உலகம் தோன்றியதா, அன்றி என்றும் உள்ளதா?

13-ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்ட தேவர் தமது சிவஞான போதத்தின் முதற் சூத்திரத்திலேயே இவ்வழக்கை எடுத்துக்கொண்டார். 12 சூத்திரங்களும் சேர்ந்து 40 அடிகளே. எனினும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் தருக்க முறை அந்நூலில் எங்கும் வழுவவில்லை. ஆண் என்றும் பெண் என்றும் அஃறிணை என்றும் சுட்டப்படும் பொருள்கள் யாவும் தோன்றி, நின்று, ஒடுங்கக் காண்கின்றமையால், அவற்றின் தொகுதியாகிய உலகமும் அத்தன்மையதே என்பது அவர் துணிபு.

அதன்மேல் அவர் வைத்த அடிதான் வியத்தற்குரியது. படைத்தவனைத் தேடுவாரெல்லாம் தோற்றத்தினின்று தொடங்குவர். மெய்கண்டாரோ ஒடுக்கத்தினின்று தொடங்கினார். எல்லாம் ஒடுங்கிய பின்னும் தான் ஒடுங்காது நிற்பவன் எவனோ, அவனிடமிருந்தே உலகு மீளத் தோன்றுதல் கூடும். ஆதலின் அழித்தற் கருத்தாவே முதல்வன். மீளத் தோற்றுவிப்பதும் அவன் பொருட்டன்று. மலம் நீங்காத உயிர்களின் பொருட்டேயாம். நிறைவுடையான் ஏன் படைக்க வேண்டும் என்னும் தடைக்கு இதனினும் செப்பமான விடை காண்பது அரிது.

திருப்பணி செய்த அன்பர்கட்கு இக்கருத்து அயலானதன்று. கருங்கல்லால் எடுத்த கோயிலும் தேய்கின்றது. அட்டபந்தன மருந்தும் நாளடைவில் இளகுகின்றது. ஆதலின் 12 ஆண்டுக்கு ஒருமுறை திருக்குடமுழுக்கு வேண்டும் என்பது வழக்கு. பாலாலயத்தில் மூர்த்தியின் கலைகளை ஒடுக்கி வைத்து, திருப்பணி முடிந்தபின் மீளவும் அம்மூர்த்தியிலேயே எழுந்தருளச் செய்வர். ஒருபுடை ஒப்புமையே எனினும், முதற் சூத்திரத்தின் பொருள் கண்முன் நிகழ்வது இங்கேதான்.

அதே 13-ஆம் நூற்றாண்டில் மேலைநாட்டுத் தாமஸ் அக்குவினாஸ் உலக நிகழ்ச்சிகளைக் கொண்டு கடவுளை நிறுவும் ஐந்து நெறிகளை வகுத்தார். 1802-இல் ஆங்கில நாட்டு வில்லியம் பேலி, கடிகாரத்தின் நுட்பம் அதைச் செய்தவனைக் காட்டுதல்போல உயிர்களின் உறுப்பமைதி இறைவனைக் காட்டும் என்றார். 1859-இல் டார்வின் அவ்வுறுப்பமைதி இயற்கைத் தேர்வால் படிப்படியாக அமைதல் கூடும் என விளக்கியபின் பேலியின் வாதம் வலிகுன்றிற்று. மெய்கண்டார் வாதம் உறுப்பின் நுட்பத்தைப் பற்றி நில்லாமையால் அத்தாக்குதலுக்கு உட்படவில்லை. எனினும், உறுப்புக்கள் அழிவன என்பதால் முழுமையும் அழிவதாகுமோ என்னும் தடை இன்றும் தருக்க நூலாரிடையே உள்ளது. அதனை மறைத்தல் சைவ மரபன்று. எதிர்வாதிகளின் கொள்கைகளையெல்லாம் முன்வைத்து மறுத்தற்காகவே அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பரபக்கம் பாடினார். 1785-இல் மறைந்த மாதவச் சிவஞான முனிவர் போதத்துக்கு மாபாடியம் வரைந்ததோடு தருக்க சங்கிரகத்தையும் தமிழாக்கினார். அத்தருக்க நூலை அச்சேற்றியவர் ஆறுமுக நாவலர். அவர்தம் பதிப்புப் பணிக்கு முகவைப் பொன்னுசாமித் தேவர் துணைநின்றமை இந்நாட்டுக்குரிய பெருமை.

இத்துணையும் நிறுவிய மெய்கண்டார், ஆறாம் சூத்திரத்தில், உயிரறிவால் சுட்டி அறியப்படுவதெல்லாம் அசத்து என்கின்றார். எவ்வாற்றானும் அறியப்படாததோ சூனியம். இறைவன் இவ்விரண்டும் அல்லன். ஒன்பதாம் சூத்திரத்தில், அவன் ஞானக்கண்ணாலேயே காணப்படுவான் என்கின்றார். அனுமானம் ‘ஒருவன் உண்டு’ என்னும் அளவில் நின்றுவிடும். அதற்குமேல் அவனருளே வேண்டும். முதுகுளத்தூருக்கு அண்மையிலுள்ள திருவுத்தரகோசமங்கையில் மாணிக்கவாசகர் அருளிய நீத்தல் விண்ணப்பம் 50 பாடல்களுடையது. அவற்றுள் இறைவன் உளனோ என்னும் வினா எழவேயில்லை. தம்மைக் கைவிடலாகாது என்பதொன்றே அடிகள் இரந்தது.